உப்புப் பார்க்க முடியாத மாதம்

பசி ருசி அறியாது என்று சொன்னவரிடம் என் மகளை ஒரே ஒரு சாயங்காலம் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். பழமொழியை அவரே திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவளுக்கு இரண்டரை வயது. பல்லெல்லாம் முளைத்தாகிவிட்டது. வயிற்றில் பூச்சி இல்லை, காய்ச்சல் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி, எங்கள் இருவரையும்தான் பரிதாபமாகப் பார்த்தார். பகலில் அங்கங்கே கொறித்துக்கொண்டு திரிவாள். இராச்சோறு என்று ஒன்று தட்டில் வந்துவிட்டால் மட்டும் வாய் இறுகிக்கொள்ளும். தலைகீழாக நின்றாலும் திறக்காது.

என் மனைவி நர்ஸ். குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவள், இந்த வருஷம்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்தாள். கிடைத்தது மத்தியான ஷிப்ட். மதியம் கிளம்பினால் இரவு ஒன்பதை ஒட்டித்தான் திரும்புவாள். அடுத்த தெருவில் இருக்கும் அவளுடைய அக்கா சாயங்காலம் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு என் பாடு. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அக்கா வீட்டில் குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இராச்சோறு செய்து ஊட்ட வேண்டும். எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

மகள் மெலிந்துகொண்டே வந்தாள். போன பெருநாளைக்கு எடுத்த சட்டை இந்த வருஷமும் தாராளமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா என் காதுபடவே சொன்னார்: "பிள்ளை குச்சியாப் போயிருச்சு. இவளுக்கு வேலை வேணுமாம், வேலை."  நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள், துணி மடித்துக்கொண்டே மனைவி என்னிடம் சொன்னாள்.

"பெருநா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அவ ராத்திரிக்கு ஒழுங்காச் சாப்பிடலைன்னா வேலைய விட்டுருவேன். இதுல பேச ஒண்ணுமில்ல."

பேச ஏராளமாக இருந்தது. சம்பளத்துக்காக இல்லை என்று பெருமை பேச மாட்டேன், சம்பளமும் வேண்டியிருந்தது. ஆனால் வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் அவள் யார் வீட்டிலோ விருந்தாளியாக வந்து தங்கியவள்போல இருந்தாள். வேலைக்குத் திரும்பியபிறகுதான், களைத்துப்போய் வந்தாலும், வார்டில் நடந்ததைச் சொல்லிச் சிரிக்கிற பழைய பெண்ணைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு ஒரு கரண்டிச் சோற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கரண்டி என் கையில் இருந்தது. எனக்குக் கோபம் வருமா, வராதா?

முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போன் வீடியோவில் ஒரு பெண்மணி வருவார். 'அடம்பிடிக்கும் குட்டீஸ்களுக்கு ஈஸியான டின்னர்' என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். அவர் வீட்டுப் பிள்ளை தட்டை வழித்து நக்கிவிட்டுக் கையை ஆட்டும். அவர் சொன்னபடி நட்சத்திர வடிவில் தோசை வெட்டினேன். மகள் ரொம்ப ரசித்தாள். ரசித்துவிட்டு அந்த நட்சத்திரத்தை என் சட்டைப் பையில், எண்ணெயோடு, பத்திரமாக வைத்தாள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தேன். இடியாப்பத்தை இழை இழையாகப் பிரித்து, தலையில் முடி கொட்டிப்போன பொம்மைக்கு முடி வைத்தாள். தேங்காய்ப்பாலை அந்த முடிக்கு எண்ணெயாகத் தேய்த்தாள். பீட்ரூட் துருவிப் போட்டுச் சப்பாத்தி சுட்டேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் உதடு பிதுங்கிவிட்டது. "புண்ணு" என்று அழுதாள். நர்ஸ் பெற்ற பிள்ளை. சப்பாத்திக்குப் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டபிறகுதான் ஓய்ந்தாள்.

கடைக்கு வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஸ்பார்க் பிளக்குக்குக் காசு கொடுக்கும்போது ஒரு யோசனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நெய்க்காரப்பட்டியிலிருந்து வாடிக்கையாகச் சாமான் எடுக்க வரும் மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "ஏனுங்க, ரெண்டு நாளு விட்டுப் போடுங்க. தானா வந்து திங்கும். எங்கூட்டுல அப்படித்தானுங்க." அவர் வீட்டில் எத்தனை பேர், எத்தனை கன்றுக்குட்டிகள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. விட்டுப் போட எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று அக்காவிடம் தினமும் கேட்பேன்.

"ஒண்ணுமே திங்கல தம்பி. வாயில வைக்க மாட்டேங்கிறா."

"ஒண்ணுமே இல்லையாக்கா?"

"சும்மா ரெண்டு பிஸ்கட்டு. அப்புறம் ஒரு முறுக்கு கேட்டா. சிறுமலைப் பழம் ஒண்ணு உரிச்சுக் குடுத்தேன். தாகமா இருக்குன்னு செத்த பாலு. அம்புட்டுத்தான், வேற ஒண்ணுமில்ல."

அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பெற்ற பிள்ளைபோல இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறவர். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு வருவேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன்.

இந்த நிலைமையில்தான் நோன்பு வந்தது. விடியும் முன்னே சஹர் சாப்பிட்டுவிட்டு, பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் இல்லாமல், மாசி வெயில் தார் ரோட்டில் எரிகிற ஊரில் கடையில் நின்றுவிட்டு, சாயங்காலம் வந்து அடுப்பை மூட்டுகிறவனை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் ஊட்டிவிட வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. "நோம்பு திறக்கிற நேரம் வந்துட்டா உங்களுக்கு அவ கண்ணுக்கே தெரிய மாட்டா" என்பது அவள் சொன்ன காரணம். 

நெய் உருகுகிற வாசனை மூக்கில் ஏறும்.  பிசைந்த சோறு விரலெல்லாம் ஒட்டியிருக்கும், நக்கக் கூடாது. என் முன்னால் சோறு இருக்கிறது, நான் தின்னக் கூடாது. அவள் முன்னாலும் அதே சோறு இருக்கிறது, அவள் தின்ன மாட்டாள். அல்லாஹ் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துச் சோதிக்கிறான். மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் மலைக்கோட்டையைக் காட்டுவேன், டவுன் பஸ்ஸைக் காட்டுவேன், எதிர்வீட்டு ஆட்டைக் காட்டுவேன். அவள் எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டே பார்ப்பாள். நோன்பு வைத்தவன் கோபப்படக் கூடாது. என் நோன்பின் நன்மையில் பாதியை இந்தப் பிள்ளை ஆட்டுக்குப் போட்டுவிட்டது.

அன்றைக்குப் பருப்புச் சோறு. உலகத்திலேயே எளிமையான இராச்சாப்பாடு. போன் பெண்மணிகூட அதில் பிழை செய்ய வழியில்லை என்று சொல்லியிருந்தார். வேலைக்குப் போகுமுன் மனைவி பருப்பை வேகவைத்து மூடிவிட்டுப் போயிருந்தாள். நான் வந்து அதில் கேரட்டைத் துருவிப் போட்டேன், உப்புப் போட்டேன், குழைய வடித்த சோற்றில் விட்டுப் பிசைந்தேன். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜரத் சொல்லித்தான் இருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் என் நாக்கின்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒன்றை உள்ளே விட்டால் அது துப்பவா போகிறது? அதனால் நான் எதையும் ருசி பார்ப்பதில்லை.

முதல் வாயை வாங்கினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடி அது என் முழங்கை மேல் வந்து விழுந்தது.

"வேணா."

"ஒரு வாய்டா கண்ணு. அத்தாவுக்காக."

"வேணா."

பாட்டுப் பாடினேன். பொம்மைக்கு ஊட்டினேன். போலீஸைக் கூப்பிட்டேன். கடைசியில் கத்தினேன். "இம்புட்டுத் திமிரு எங்கேருந்து வந்துச்சு உனக்கு? சோத்துக்கு இல்லாத பிள்ளைக எத்தனை இருக்கு தெரியுமா?" அவள் அழவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். மாடிக்கும் கீழுக்கும் அலைந்து எனக்கு மூச்சு வாங்கியது. பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது.

பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தேன். உயிர் வந்தது. சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அவள் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

கடல் தண்ணீரைக் குடித்தால் அப்படித்தான் இருக்கும். பருப்பு வேகும்போதே மனைவி உப்புப் போட்டிருக்கிறாள். அதற்கு மேல் நான் தாராளமாக ஒரு தடவை. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை. சுவரோரம் நின்றிருந்த மகள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தவறான பிரேக் கேபிளைத் தலையில் கட்டிவிட்டால் மறுநாள் வாடிக்கையாளர் வந்து நிற்பாரே, அந்தப் பார்வை. "வேணா?" என்று கேட்டாள்.

வேண்டாம்தான். அன்றைக்கு நியாயம் அவள் பக்கம். மற்ற நாளும் உப்பா கரித்தது, ஏன் தின்னவில்லை என்று நான் திருப்பிக் கேட்டிருக்க முடியும். கேட்கவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இட்லி ஒன்றைப் பாலில் ஊறவைத்து அரையும் குறையுமாகக் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் ருசி பார்க்காத சோற்றை அவளுக்குக் கொடுப்பதில்லை. பாங்கு சொன்னபிறகுதான் நான் ருசி பார்க்க முடியும். ஆகவே பாங்குக்கு முன்னால் அவளுக்கும் சோறு கிடையாது. மனைவியின் உத்தரவை மீறுகிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். கூடத்தில் பாயை விரித்து, பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், என் தட்டு, அவள் தட்டு எல்லாவற்றையும் வைத்து மூடினேன். முட்டைத் தோசையைத் துண்டு போட்டு அவள் தட்டில் வைத்திருந்தேன். பிறகு அவளைக் கூப்பிடாமல் உட்கார்ந்தேன். துரத்த எனக்குத் தெம்பும் இல்லை.

அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். தட்டோடு அத்தா துரத்தி வரவில்லை என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. வந்து மூடியைத் தூக்கினாள்.

"இப்பக் கூடாது. பாங்கு சொல்லட்டும்."

"வேணும்."

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. 'வேணும்' என்ற சொல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கொடுத்தால் வேண்டாமாம், கூடாது என்றால் வேணுமாம். இத்தனை நாள் என்னை மாடிப்படி ஏற வைத்தவளை நினைத்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "பாங்கு சொல்லட்டும்" என்றேன் மறுபடி, கொஞ்சம் பழிவாங்குகிற மாதிரியே. அவள் என் மடியில் உட்கார்ந்து மூடியை முறைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

பாங்கு சொன்னதும் நான் என் வேலையைப் பார்த்தேன். மனைவி சொன்னது சரிதான், அந்த நேரத்தில் எனக்கு யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கஞ்சியில் பாதி போனபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் தோசையை இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தாள். தின்றுவிட்டு என் கஞ்சிக் கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

மனைவிக்குப் போன் போட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் அறையில் அவசரமாக நோன்பு திறந்துகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுட்டா."

"எம்புட்டு?"

"தட்டு காலி."

"நீங்க தின்னுட்டு அவ பேரைச் சொல்றீங்களா?"

அவள் நம்பவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் நம்பவில்லை. அக்காவும் நம்பவில்லை. ஆனால் 'நோம்பு பிள்ளை' சாயங்காலம் முறுக்கை நீட்டினால் "பாங்கு சொல்லலை" என்று திருப்பிக் கொடுக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லா நாளும் தட்டு காலியானது என்று பொய் சொல்ல மாட்டேன். கீரையைத் தனியாகப் பொறுக்கி எனக்கு வைத்தாள். கத்தரிக்காய் வெஞ்சனத்தைப் பாய்க்கு அடியில் ஒளித்தாள், அது எறும்பு வந்தபிறகுதான் தெரிந்தது. இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. மகளுக்கு உடம்பு சூடாக இருந்த ஒருநாள், சாயங்காலமே பால் கொடுக்கலாம் என்று பார்த்தேன். குடிக்கவில்லை. மூடிய டம்ளரைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாள். என் அடம் போதாதென்று அவள் அடமும் மார்க்கப் பற்றோடு வளர்ந்துவிட்டது. ஆனாலும் சாப்பிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. நோன்பு முடிகிறதே என்று நான் கவலைப்பட்ட ஒரே வருஷம் இதுதான்.

பெருநாளைக்கு மறுநாள் மனைவிக்கு லீவு. வேலையில் தொடர்வதா இல்லையா என்று அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் சொல்லியாக வேண்டும். தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று சொல்லியிருந்தாள். சாயங்காலம் அவளே சமைத்தாள். பருப்பும் கீரையும் கடைந்து, நெய் விட்டுக் குழையப் பிசைந்த சோறு. குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு கொடுக்க ஆரம்பித்தபோது அவள் கையால் வாங்கித் தின்ற சாப்பாடு அது.

"இன்னிக்கு நான் ஊட்டுறேன். நீங்க குறுக்க பேசாதீங்க" என்றாள்.

ஆறு மணிக்குத் தட்டோடு போனாள்.

"பாங்கு சொல்லலை" என்றாள் மகள்.

"நோம்புதான் முடிஞ்சிருச்சேம்மா. இனிமே எப்ப வேணாலும் சாப்பிடலாம். வா, ஆ காட்டு."

மகளுக்கு இது ஏதோ ஏமாற்று வேலையாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓடினாள். மனைவி பின்னால் போனாள். கொஞ்சினாள், பாடினாள், "அம்மாவுக்காக ஒரே ஒரு வாய்" என்றாள். மாடி, கூடம், அடுப்படி என்று நான் ஓடிய ஓட்டமெல்லாம் அவளும் ஓடினாள். கடைசியில் மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். என் மனைவி தரையில் கன்னத்தை வைத்து உள்ளே கையை நீட்டியபடி, குரல் உடைந்து, "என்கிட்ட மட்டும் ஏன்டி இப்படிப் பண்ற?" என்றாள். நான் குறுக்கே பேசவில்லை. பேசியிருக்கலாம். அவள் சொன்னதற்காக மட்டும் நான் பேசாமல் இருக்கவில்லை, வாயைத் திறந்தால் எது கெட்டுப்போகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பாங்கு சொன்னார்கள். மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்துக் கூடத்தில் போட்டு, பாதி விரிந்த நிலையில் அதன்மேல் உட்கார்ந்தாள். எங்களையும் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தோம். மனைவி ஒரு கவளத்தை உருட்டி நீட்டினாள். மகள் கோபமே இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்து, தன் கையால் அள்ளித் தின்ன ஆரம்பித்தாள். மனைவியின் கை அப்படியே நின்றது.

"அம்மா ஊட்ட வேணாமா?"

"நீயும் சாப்பிடு" என்றாள் மகள், வாய் நிறையச் சோற்றோடு.

மனைவி அந்தக் கவளத்தைத் தானே தின்றாள். மெல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நான் வீட்டுல இல்லாததாலதான் திங்க மாட்டேங்கிறான்னு இம்புட்டு நாளும் நெனச்சேன்" என்றாள். "நான் இல்லாமலே நல்லாத் திங்கிறா."

வேலையை விடக் கூடாது என்பதற்கு ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த நியாயங்கள் எதுவும் தேவைப்படவில்லை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு நிற்பவனைப்போல எனக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"போறேன். டூட்டிக்குப் போகத்தான் போறேன். அதுக்காக நான் சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சுக்கிடாதீங்க."

மகள் தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். "இன்னும்" என்றாள். என் மனைவி சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டியிலிருந்து சோற்றை அள்ளி, நெய் ஒட்டிய விரல்களால் அழகாக உருட்டினாள். உருட்டியதை மகளின் வாய்வரை கொண்டுபோனவள், அங்கே நிறுத்தி, கையைத் தாழ்த்தித் தட்டில் வைத்தாள்.